எஞ்சின் என்பவர்

அப்பாவின் வாடகைக் கார் ஒரு மேம்பாலத்தின் உச்சியில் நின்றுபோனது. பின் சீட்டில் இருந்த அம்மாள் அப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர், வாய் நிறையப் பஞ்சு. "நல்லவேளை, திட்டு வாங்கலை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார் அப்பா. அந்த வருடம் அவருக்கு நடந்த கடைசி நல்ல காரியம் அதுதான்.

பட்டறைக்காரருக்கு நட்டு என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள், அவரே மறந்துவிட்டார். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே தலையை விட்டு, வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தார்.

"அண்ணே, எஞ்சின் செத்துப்போச்சு."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"பிஸ்டன் அப்படியே ஒட்டிக்கிச்சு. ரிப்பேர் பண்றதுக்குப் பதிலாப் பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டுப் போயிடலாம்."

அந்த மாடல் எஞ்சினை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் கவிழ்ந்துபோன ஒரு வேனிலிருந்து எடுத்த எஞ்சின் ஒன்றை நட்டு பார்த்து வைத்திருந்தார். "தங்கமான ஆளு. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்." முன்பக்கம் தள்ளினால் ரேடியேட்டர் இடிக்கும். பின்பக்கம் தள்ளினால் ஒரு தகரம் இடிக்கும்.

"இந்தத் தகரத்துக்குப் பேரு ஃபயர்வால்" என்று தட்டிக் காட்டினார். "எஞ்சின் பத்திக்கிட்டா நெருப்பு உங்க காலுக்கு வராம இதுதான் தடுக்குது. இதை வெட்டி, நாலு விரக்கடை உள்ளே தள்ளி, தகடு மடிச்சு வெல்டு வெச்சா ஐயா ஜம்முனு உட்கார்ந்துக்குவாரு. உங்களுக்குக் கால் நீட்டற இடம் கொஞ்சம் குறையும். நீங்க என்ன உள்ளே டான்ஸா ஆடப் போறீங்க?"

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தகரத்தின் மேல் வைத்து, எங்கே வெட்டுவது என்று கோடும் போட்டுவிட்டார். கிரைண்டரைக் கையில் எடுத்தபோதுதான் அப்பா கேட்டார்: "இதுக்குப் பர்மிஷன் வேணாமா?"

நட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணே, தகரம் போய் யார்கிட்ட சொல்லப் போகுது?"

அப்பா ஆள் இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ரகம். அதோடு அது பர்மிட் வண்டி. வண்டியின் உடம்பில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் பர்மிட் ரத்து. இன்னொன்றும் இருந்தது: மாதக் கடைசிக்குள் வண்டி மறுபடி ரோட்டில் ஓடவில்லை என்றாலும் பர்மிட் ரத்து. ரத்தான பர்மிட்டைத் திரும்ப யாருக்கும் கொடுப்பதில்லை. அது போனால் இந்த வயதில் அப்பா ஏதாவது ஒரு கட்டட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கேட் திறக்க வேண்டியதுதான்.

"நாளைக்கே ஆபீஸ் போய் எழுதிக் கொடுத்துடலாம். நாம நேர்மையாக் கேட்டா ஏன் கொடுக்க மாட்டாங்க?" என்றார் அப்பா. இதற்கு நட்டு ஒரு பதில் சொன்னார். அச்சில் ஏறாது.

எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வணிகவியல். அதனால் வீட்டில் குழாய் உடைந்தாலும், கரண்டு போனாலும், ஆபீஸ் என்று ஒன்று குறுக்கே வந்தாலும் நான்தான். "இவ்வளவு படிச்சிருக்க, நாலு வார்த்தை பேசி முடிச்சுட்டு வர மாட்டியா?" என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். படிப்பு என்றால் ஏதோ எல்லாக் கதவுக்கும் பொருந்துகிற சாவி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

வாகன ஆபீஸில் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நூல் காகிதம் வரை எட்டாது. ஆகவே அங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, பேனாவுக்குக் கீழே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் இதை ஒரு குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை.

கவுண்டரில் இருந்த அம்மா நிமிராமல் கேட்டார். "என்ன வேலை?"

"காருக்கு எஞ்சின் மாத்தணும் மேடம். அதுக்காக ஃபயர்வாலை வெட்டணும்."

"எந்த வாலை?"

"ஃபயர்வால்."

"வாலெல்லாம் இங்க வெட்டறதில்லை. கால்நடைப் பிரிவு மாடியில."

நான் விளக்கினேன். அப்பா கையால் தகரம் போலக் காட்டி, காலால் கிளட்ச் மிதித்துக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா முழுதாகக் கேட்டுவிட்டு, முதல் முறையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நம்ம மொழியில இவ்வளவு சொல் இருக்கும்போது ஏம்மா அந்நியச் சொல்லு? படிச்சவங்களே இப்படிப் பண்ணினா எப்படி? அனுமதிக்கப்பட்ட சொல்லை எழுதினாத்தான் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் அக்செப்ட் பண்ணும்."

பட்டியலில் விரல் ஓட்டினார். ஃபயர் என்றால் தீ. வால் என்றால் சுவர். தீச்சுவர்.

"அது தகரம்மா" என்றார் அப்பா. "சுவர்னு போட்டா வேற மாதிரி ஆயிடாதா?"

"தகரம் பட்டியல்ல இல்லையே. இல்லாததை நான் எப்படிப் போடறது?"

தீச்சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட அனுமதி வேண்டும் என்று அவரே தட்டினார். விண்ணப்பத்தில் இருக்கிற சொல்லைப் பார்த்து, உரிய பிரிவுக்குத் தானாகவே அனுப்பிவைக்கிற ஒரு ஏற்பாட்டைப் போன வருடம்தான் ரிப்பன் வெட்டித் தொடங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் 'சுவர்' என்பதைப் பார்த்தது. எங்கள் கார் கட்டடப் பிரிவுக்குப் போய்விட்டது.

திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"போனது திரும்பி வந்ததா இங்க சரித்திரமே கிடையாது" என்றார் அந்த அம்மா, பெருமையோடு.

கட்டடப் பிரிவில் எங்களுக்கு வாய்த்த இன்ஜினியர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் சின்னதாக ஒரு ரசமட்டம் வைத்திருந்தார். பேசும்போதே அதை எடுத்து மேஜையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார். மனிதர் மரியாதையானவர்தான். எங்களை உட்காரச் சொன்னார்.

"சுவர் செங்கல்லா, கருங்கல்லா?"

"தகரம் சார்."

"தகரக் கொட்டகை" என்று எழுதிக்கொண்டார். "தனிச்சுவரா, பொதுச்சுவரா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, சுலபமாக் கேக்கறேன். சுவருக்கு இந்தப் பக்கம் யார் இருக்கா?"

"நான்தான் சார். டிரைவர் சீட்டு."

"அந்தப் பக்கம்?"

"எஞ்சின் சார்."

"எஞ்சின் என்பவர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அப்போ பொதுச்சுவர். நாலு விரக்கடை உங்க பக்கம் தள்ளி வைக்கறீங்க. உங்க இடம் குறையுது, அவர் இடம் கூடுது. தாராளமா சம்மதிப்பார். ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

"சார், எஞ்சின்ங்கறது ஆள் இல்லை" என்றேன்.

"ஆள் இல்லையா? எங்க போயிருக்கார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். பொய் அவருக்கு வராது. "செத்துப்போச்சு சார்."

இன்ஜினியர் பேனாவை மூடினார். "அடடா. எப்போ?"

"போன மாசம். மேம்பாலத்துல."

"திடீர்னா?"

"ரெண்டு நாளா இருமிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் கவனிக்கலை." அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை. "நான் வண்டி எடுத்த நாள்லேருந்து என்கூடவே இருந்துச்சு சார்."

"மனசைத் தேத்திக்குங்க. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வெச்சீங்கன்னா நான் உடனே பார்த்துடறேன். செத்தவங்க விஷயத்தை நாங்க இழுத்தடிக்கறதே இல்லை. உயிரோட இருக்கறவங்கன்னாத்தான், காத்திருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை."

வெளியே வந்து நான் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "கத்தாதம்மா. அவரு நல்ல மாதிரியாத்தான் பேசறாரு."

இறப்புச் சான்றிதழை நட்டு எழுதிக் கொடுத்தார். 'எண்ணெய் வற்றி, சூடு தலைக்கேறி, எஞ்சின் என்பவர் மேம்பாலத்தில் உயிர் நீத்தார்.' கடுப்பில் எழுதியது அது. அதை ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். வாரிசாக வேன் எஞ்சினைக் காட்டினோம். இறந்தவரும் வாரிசும் வெவ்வேறு கம்பெனி என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முறைப்படி தத்து எடுத்திருக்கிறதா என்று கேட்டார்கள். எடுத்தோம். அப்பா தத்துக் கொடுத்தவராகவும் எடுத்தவராகவும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் மாதத்தில் பாதி போய்விட்டது. அப்பாவுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டை எடுக்காமல் என்னைப் பார்ப்பாள். "என்னடி சொல்றாங்க?" இன்றைக்கு எஞ்சினைத் தத்து எடுத்தோம் என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? "நடந்துக்கிட்டு இருக்கும்மா" என்பேன். "என்னத்தப் படிச்சியோ" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போவாள்.

பிறகு நேரில் பார்வையிட வந்தார்கள். பட்டறைக்கு ரசமட்டக்காரர், அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர். நட்டு ஏற்கெனவே டேஷ்போர்டைக் கழற்றி, ஹீட்டர் பெட்டியை எடுத்து, ஒயர்களை எல்லாம் ஒதுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். தகரம் அம்மணமாக நின்றது. ரசமட்டக்காரர் குனிந்து அதன் மேல் மட்டத்தை வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடியது. திருப்பி வைத்தார். மறுபடியும் ஓடியது.

"சுவர் சாய்ஞ்சிருக்கே!"

"சாய்ஞ்சுதான் சார் இருக்கும்" என்றார் நட்டு. "எந்தக் காரைத் திறந்து பார்த்தாலும் இப்படித்தான். கால் வைக்கத் தோதா சாய்ச்சுத்தான் செய்வாங்க."

"எல்லாரும் தப்புப் பண்ணினா அது சரின்னு ஆயிடுமா?"

"சார், அது சுவரே இல்லை சார்!"

"அப்போ ஏன் சுவரை இடிக்கணும்னு எழுதிக் கொடுத்தீங்க?"

நட்டு கிரைண்டரைக் கையில் எடுத்தார். அதை எதற்கு எடுத்தார் என்று எனக்கு இன்று வரை நிச்சயமில்லை. அப்பா ஓடிப்போய் நடுவில் நின்றார்.

முன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'இடியும் நிலையில் உள்ள கட்டடம். சுவரைத் தொடுவது குற்றம்.'

ஒட்டிய பசை காய்வதற்குள் நட்டு சொன்னார். "அண்ணே, கடைசியாக் கேக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரத்துல வெட்டி முடிச்சுடறேன்."

அப்பா திரும்பி நின்றார். நிஜமாகவே நின்றார். கிரைண்டர் சத்தம் கேட்டது. தகரத்தில் சக்கரம் படுவதற்கு முன்னாலேயே "வேணாம், வேணாம்ப்பா, பர்மிட் போயிடும்" என்று கத்திக்கொண்டே திரும்பிவிட்டார். நட்டு பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு, வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அந்த ஆபீஸின் இயக்குநரைப் பார்க்கப் போனேன். ஆபீஸ் முழுக்க அவர் சிரிக்கிற படம் மாட்டியிருந்தார்கள். நேரில் அவர் அதைவிட அதிகமாகச் சிரித்தார்.

"உட்காரும்மா. பார்த்தாலே படிச்ச பொண்ணுன்னு தெரியுது. படிச்சவங்க சண்டை போட மாட்டாங்க, அதான் எனக்குப் பிடிக்கும்."

"சார், மாசம் முடியப்போகுது. ஒரு தகரத்தை வெட்ட அனுமதி கேட்டோம். எஞ்சினுக்கு வாரிசு கேட்டிருக்கீங்க. கார்ல கட்டட நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. முடியும் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"முடியாதுன்னு நாங்க யாருக்குமே சொன்னதில்லையே! அதுதான் இந்த ஆபீஸோட பெருமை." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் சேர்ந்த புதுசுல இங்க ஒருத்தர் இருந்தார். வர்ற விண்ணப்பத்தை அன்னிக்கே முடிச்சு அனுப்பிடுவார். என்ன ஆச்சு? வந்தவங்க திரும்ப வரவே இல்லை. வராண்டா வெறிச்சோடிப்போச்சு. மக்களுக்கும் நமக்கும் ஒரு உறவு வேணாமா? நான் வந்து அதை மாத்தினேன். இப்போ பாரு, ஒவ்வொருத்தரும் எத்தனை தடவை வர்றாங்க! என் பையன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை."

"சார், அது கார்" என்றேன்.

"யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரியும் சார்."

"பார்த்தாத் தெரியறதையெல்லாம் ஒத்துக்கிட்டா ஆபீஸ் எதுக்கும்மா?" பட்டறையில் எடுத்த காரின் புகைப்படத்தை என் முன்னால் எடுத்து வைத்தார். "கூரை இருக்கு. கதவு இருக்கு. ஜன்னல் இருக்கு. சுவர் இருக்கு, நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. காருன்னா ஓடணும். ஓட்டிக் காட்டுங்க, நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"எஞ்சின் வெச்சாத்தான் ஓடும். சுவரை... தகரத்தை வெட்டினாத்தான் எஞ்சின் வைக்க முடியும்."

"இடியற சுவரை வெட்ட எப்படிம்மா விடறது? உள்ளே இருக்கறவங்க உயிர் என்ன ஆகறது?"

"உள்ளே யாரும் இல்லை சார்!"

"வீடு காலியா இருக்கு" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"தள்ளினா நகரும் சார். வந்து பாருங்க."

அவர் சிரிப்பை நிறுத்தி, முதல் முறையாக யோசித்தார். "தள்ளினா நகர்றதெல்லாம் வண்டின்னா, இந்த ஆபீஸ்ல பாதிப் பேருக்கு நம்பர் பிளேட் மாட்டணும்மா."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

மாதக் கடைசி நாளன்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாம், விழாவுக்கு வரவேண்டுமாம். அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். அம்மா என் தலையைத் தடவி, "நான் சொன்னேன்ல, படிச்ச பொண்ணு போனா நடக்கும்னு" என்றாள். அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. எனக்கும் ஒரு நிமிடம் நம்பத் தோன்றிவிட்டது.

மேடை போட்டிருந்தார்கள். மைக் பிடித்தார் இயக்குநர். "எஞ்சின் கேட்டு வந்தார் இந்தப் பெரியவர். சாதாரண ஆபீஸா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? எஞ்சினுக்கு அனுமதி கொடுத்து அனுப்பியிருப்பாங்க. நாங்க அப்படி விட்டுடலை. ஆராய்ஞ்சோம். ஆழமாப் போனோம். இவர்கிட்ட இருக்கறது வெறும் வண்டி இல்லை, ஒரு வீடுன்னு இவருக்கே தெரியாததை நாங்க கண்டுபிடிச்சுச் சொன்னோம்! ஒரு தகரத்தைக் கொடுத்தா அதை ஒரு அசையாச் சொத்தா மாத்திக் கொடுக்கற ஆபீஸ் வேற எங்கயாவது உண்டா?"

கைதட்டினார்கள். கவுண்டர் அம்மா எழுந்து நின்றே தட்டினார். அப்பா சான்றிதழை வாங்கி, படம் எடுக்கிறவர் சொன்னபடி சிரித்தார். இறங்கி வந்து என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்குன்னு படிம்மா."

படித்தேன். அது கட்டடம். அதிகாரிகள் பார்வையிட்ட இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. கட்டடங்கள் ரோட்டில் ஓடுவதில்லை என்பதால் பர்மிட் ரத்து. உரிமையாளர் விரும்பினால் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம்.

"வாடகைக்குத்தானே அப்பவும் விட்டேன்" என்றார் அப்பா. கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அடுத்த வாரம் கார்க் கதவில் கதவு எண் எழுதிப் போனார்கள். பட்டறை நடுவில் எங்கள் வீடு நின்றதால் நட்டு மற்ற வண்டிகளை ரோட்டோரம் வைத்து வேலை பார்த்தார். அவரும் பாவம் எத்தனை நாள் பொறுப்பார்? வேன் எஞ்சினைக் கேட்டு ஒருத்தன் வந்து நின்றான். நட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "கொடுத்துடுப்பா" என்றார் அப்பா. அவர்கள் அதைச் சங்கிலி போட்டுத் தூக்குகிற வரை அங்கேயே நின்றார்.

ஒரு மத்தியானம் நானும் அப்பாவும் பட்டறையில் இருந்தபோது ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஒரே ஒரு பை. இரண்டு பேர் வீட்டிலும் சேர்க்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"வீடு காலியா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றான் அவன்.

அப்பா எழுந்து ஓடினார். ஆமாம், ஓடினார். துண்டால் சீட்டைத் தட்டி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் தலை குனிந்து ஏறி உட்கார்ந்தார்கள். அப்பா கதவைச் சாத்தி, சுற்றி வந்து, முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் அவர்கள் முகம் தெரிந்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது:

"எங்கம்மா போகணும்?"

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள்.

"எங்கயும் போக வேணாங்க" என்றாள். "இருந்தாப் போதும்."

அப்பா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, இறங்கி, சாவியை அவளிடம் கொடுத்தார்.